மீனுக்கு வந்த குரூப் பியும் மகளுக்குச் சொன்ன குரூப் பியும் ஒன்றா?

கேள்வி: 2024 மே 11

மலேசியாவில், பேராக்கில் இரண்டு குளம் போட்டுச் சிவப்புத் திலாப்பியா வளர்க்கிறேன். போன மாத வெயிலில் தினமும் முப்பது நாற்பது மீன் மிதந்தது. கண் வெளியே பிதுங்கி வெளுத்துப்போய், சில மீன் பம்பரம் மாதிரி சுற்றிச் சுற்றி நீந்திச் சாகிறது. ஆய்வகத்தில் கொடுத்தேன். 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே, குரூப் பி' என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். என் மகள் ஏழு மாதம் முழுகாமல் இருக்கிறாள். அவளுக்குக் கிளினிக்கில் கொடுத்த தாளிலும் இதே பெயர், பிள்ளைக்கு ஆபத்து என்று போட்டிருக்கிறது. வாராவாரம் வீட்டுக்கு வந்து நம் குளத்து மீனைத்தான் சாப்பிடுகிறாள். என் குளத்திலிருந்துதான் இது அவளுக்குப் போகிறதா? குளத்தை மூடிவிடவா?

மே 11, இரவு

மூடாதீர்கள் அண்ணே. பெயர் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதானா என்பது அந்த ஒரு வரியில் தெரியாது. ஊரில் முருகேசன் என்று சத்தம் போட்டால் நாலு பேர் திரும்புவார்கள். இனிஷியல் சொன்னால் இரண்டு பேர். தெருவும் சொன்னால்தான் நமக்கு வேண்டிய முருகேசன் வருவார். உங்கள் ஆய்வகம் முருகேசனோடு நிறுத்திக்கொண்டது.

சிங்கப்பூரில் மீன் நோய் பார்க்கும் ஓர் ஆய்வகத்தில் பதினோரு வருடம் இருந்தேன். செத்த மீனிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்து, மரபணுவைப் படித்து, இது எந்த ரகம் என்று சொல்வதுதான் வேலை. இப்போது அந்த வேலையில் இல்லை, ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

முதலில் மகள் விஷயம். கிளினிக் தாளில் உள்ள குரூப் பி மனிதக் குடலிலும் பிறப்புப் பாதையிலும் காலங்காலமாகக் குடியிருப்பது. பத்துப் பெண்களில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை அதைச் சுமந்துகொண்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறார்கள், பிரசவ நேரத்தில் பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாது என்றுதான் சோதிக்கிறார்கள். பச்சிளம் பிள்ளைகளுக்கு மூளைக் காய்ச்சல் கொண்டுவருவதில் பேர்போன ரகம் எஸ்டி 17 (எஸ்டி என்பது ரகத்துக்கு வைக்கும் எண், விளக்கம் பிறகு). அது மனிதர்களோடு ஒட்டி வாழ்கிற ரகம். மீனைக் கொல்கிற கூட்டம் வேறு: எஸ்டி 7, எஸ்டி 260, எஸ்டி 261, அப்புறம் எஸ்டி 283. இந்தக் கடைசி எண் மட்டும் கொஞ்சம் வில்லங்கமானது. அதைத் தனியாக எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

மே 12

நேற்று முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். நன்றாகக் கொதித்த குழம்பில் இந்தக் கிருமி நிற்காது, மகள் சாப்பிடட்டும். மீன் கழுவும் வேலையை மட்டும் அவளிடம் கொடுக்க வேண்டாம், நீங்களும் கையுறை போட்டுக்கொண்டு கழுவுங்கள். திலாப்பியாவின் முதுகுத் துடுப்பு முள் குத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு கதை இருக்கிறது, பிறகு. கிளினிக் சோதனையைக் கண்டிப்பாகச் செய்யச் சொல்லுங்கள், மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மே 14

எஸ்டி 283.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2015 நினைவிருக்கும். சீனக் கஞ்சிக் கடைகளில் பச்சை மீனை மெல்லிசாகச் சீவி, நல்லெண்ணெய் விட்டு, இஞ்சி, வெங்காயத்தாள் தூவி ஒரு தட்டு வைப்பார்கள். சூடான கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள. பெரும்பாலும் சாங் என்கிற பெருந்தலைக் கெண்டை, தோமான் என்கிற விரால் வகை. இரண்டும் நன்னீரில் வளர்க்கிற மீன்கள். (சீனப் புத்தாண்டுக்கு எல்லோரும் சேர்ந்து கிளறித் தூக்கிப் போடுகிற சால்மன் தட்டு வேறு, அது கடல் மீன், அதைக் குற்றம் சொல்லாதீர்கள்.) அந்த வருடம் ஆஸ்பத்திரிகளில் குரூப் பி நோயாளிகள் திடீரென்று கூடினார்கள். வந்தவர்களைப் பார்த்துத்தான் டாக்டர்களுக்குச் சந்தேகம். வழக்கமாகக் குரூப் பி படுத்துவது பச்சிளம் குழந்தைகளையும், சர்க்கரை மாதிரி நீண்டகால நோய் உள்ள வயதானவர்களையும். இங்கே அதுவரை திடகாத்திரமாக இருந்த நடுத்தர வயதுக்காரர்கள் மூட்டில் சீழ் வைத்தும், மூளைக் காய்ச்சலோடும் வந்து படுத்தார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனதில் பச்சை மீன் தட்டு வந்தது. நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியும் மீனிலிருந்து எடுத்த கிருமியும் எஸ்டி 283. அந்த வருடத்தில் அந்த ரகம் பிடித்தவர்கள் 146 பேர். ஜூலையிலேயே கடைக்காரர்களை நிறுத்தச் சொன்னார்கள், டிசம்பரில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறவே தடை.

குரூப் பி சாப்பாட்டு வழியாக இப்படிப் பரவியதாக உலகில் பதிவானது அதுதான் முதல் முறை. அதுவரை கேட்டிருந்தால் நானே சிரித்திருப்பேன். 2014-இல் கூட வேலை பார்த்த சீன நண்பரோடு அதே தட்டை வழித்துச் சாப்பிட்டவன் நான், அதுவும் நாள் முழுக்க மீன் கிருமி வளர்த்துவிட்டு.

மூன்றாம் சீரோ வகை என்று வந்தால் எஸ்டி 283 என்று வைத்துக்கொள்ளலாம், முழுச் சோதனை தேவைப்படாது.

மே 15

மேலே கடைசி வரி தப்பு. எழுதிவிட்டுப் படுத்தேன், விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு வந்து முதலில் ஞாபகம் வந்ததே இதுதான்.

குரூப் பியின் மேலுறைச் சர்க்கரையை வைத்துப் பத்து சீரோ வகை பிரிப்பார்கள். எஸ்டி 283 மூன்றாம் வகை, சரி. ஆனால் பிள்ளைகளைப் பிடிக்கும் எஸ்டி 17-உம் அதே மூன்றாம் வகை! நீங்கள் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தானே கேட்டீர்கள், நான் சொன்ன குறுக்குவழி சரியாக அந்த இரண்டையும் ஒரே சட்டிக்குள் போட்டுவிட்டது. உட்பிரிவு பார்த்தால் பிரியும், எஸ்டி 17 மூன்று-இரண்டு, எஸ்டி 283 மூன்று-நாலு. வெறும் மூன்று போதாது.

குறுக்குவழிதான் வேண்டும் என்றால் இது: உங்கள் ஆய்வகத்தில் ரத்தம் கலந்த தட்டில் வளர்த்திருப்பார்கள். கிருமிக் கூட்டத்தைச் சுற்றி ரத்தம் கரைந்து தெளிவாக ஒரு வளையம் இருந்ததா என்று கேளுங்கள். எஸ்டி 7-உம் எஸ்டி 283-உம் வளையம் போடும். 260-உம் 261-உம் போடாது, அவை மீனுக்குள்ளேயே வாழ்ந்து பழகி மரபணுத் தொகுதியே சுருங்கிப் போனவை. சாதாரண குரூப் பியில் சுமார் 21 லட்சம் எழுத்து (மரபணுவை எழுதும் ஏ, சி, ஜி, டி) இருக்கும், அவற்றில் 18 லட்சம்தான். தேவையில்லாத சாமானை விற்றுவிட்டு ஒற்றை அறைக்குக் குடிபோன மாதிரி.

வளையம் இல்லை என்று சொன்னால் அன்று இரவு நிம்மதியாகத் தூங்குங்கள். இருந்தது என்றாலும் தூங்கலாம், ஆனால் மேலே படியுங்கள்.

மே 19

எஸ்டி எண் என்றால் என்ன என்று மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள்.

கிருமி உயிர் வாழ அன்றாடம் தேவைப்படும் ஏழு மரபணுக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஐந்நூறு எழுத்து நீளத்துக்குப் படிக்க வேண்டும். ஒரு மரபணுவில் இதுவரை யாரும் பார்க்காத எழுத்து வரிசை வந்தால் அதற்கு அடுத்த எண் கொடுப்பார்கள். ஏழு மரபணுவுக்கு ஏழு எண். அந்த ஏழும் சேர்ந்த கோவைக்கு ஒரு எண், அதுதான் எஸ்டி. 1998-இல் மூளை உறைக் காய்ச்சல் கிருமிக்காக வந்த முறை, குரூப் பிக்கு 2003-இல் வந்தது. இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 283 என்பதால் அது 282-க்குத் தம்பி என்று அர்த்தமில்லை. டாக்டர் வீட்டு டோக்கன் மாதிரி, முதலில் வந்தவருக்கு முதல் எண். பக்கத்து எண்காரர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை.

இதற்கு முன்னால் கிருமியின் டிஎன்ஏவைத் துண்டாக்கி ஜெல்லில் ஓட்டி, கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். துடிப்பு மின்சாரம் கொடுத்து நாள் கணக்கில் ஓட்டுவது. அழகாக இருக்கும், ஆனால் என் ஜெல்லையும் பாங்காக்கில் ஒருவர் ஓட்டிய ஜெல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து இரண்டும் ஒன்று என்று சொல்லத் தைரியம் வராது. எழுத்தாகப் படித்தால் அந்தச் சண்டையே இல்லை, ஏ என்றால் எல்லா ஊரிலும் ஏதான்.

சண்டை இல்லை என்றேன், ஆனால் மானம் போகலாம். என் கதை: சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு திலாப்பியா மாதிரியில் ஆறு மரபணு பழைய எண், ஏழாவதில் ஒரே ஓர் எழுத்து வேறு. பட்டியலில் எங்கேயும் இல்லை. புது ரகம்! மேலதிகாரிக்கு 'புதிய வகை கண்டறியப்பட்டது' என்று தலைப்புப் போட்டு மின்னஞ்சல், நகல் எட்டுப் பேருக்கு. அவர் ஒரே ஒரு வரி எழுதினார், எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தீர்களா என்று. ஒவ்வொரு மரபணுவையும் இரண்டு பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும், ஒரு கிருமிக்குப் பதினான்கு ஓட்டம். நான் ஒரு பக்கத்தில் நிறுத்தியிருந்தேன், அதுவும் வரிசை முடிகிற இடம், இயந்திரம் காட்டும் அலை எல்லாம் சரிந்து கலங்கிப் போயிருக்கும் இடம். எதிர்ப்பக்கம் ஓட்டினால் அதே பழைய எஸ்டி 7. நகல் போன எட்டுப் பேருக்கும் திருத்தம் அனுப்பினேன். வருடக்கணக்காக என்னைப் 'புது ரகம்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஜூன் 2

அண்ணன் ஆய்வகத்தில் கேட்டாராம், வளையம் இருந்தது என்றார்களாம். சரி, அப்படியானால் 7 அல்லது 283 பக்கம்.

இங்கே ஒருவர், 'எஸ்டி 283 என்று வந்துவிட்டால் சிங்கப்பூர் நோய் இவர் குளத்திலிருந்து போனது என்றுதானே அர்த்தம்' என்கிறார். இல்லவே இல்லை. ஏழு மரபணுவும் சேர்ந்தால் மூவாயிரத்து ஐந்நூறு எழுத்து வரும். 21 லட்சத்தில் அது ஆயிரத்துக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. 2001-இல் குவைத் வளைகுடாவில் மடவை மீன் 2,500 டன் அளவுக்குச் செத்து ஒதுங்கியது, அந்தக் கிருமி எஸ்டி 7. சீனத்துத் திலாப்பியாவிலும் எஸ்டி 7. மனிதர்களிடமும் எஸ்டி 7 எடுத்திருக்கிறார்கள். அதற்காகக் குவைத் மடவை சீனத்துக்கு நீந்திப் போனது என்று யாரும் சொல்லவில்லை. யார் யாருக்குக் கொடுத்தார் என்பதற்குப் பக்கத்திலாவது போக வேண்டுமானால் முழு மரபணுத் தொகுதியையும் படித்து எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும், சிங்கப்பூரிலும் அதைச் செய்துதான் மனிதர் கிருமியும் மீன் கிருமியும் ஒரே கொத்தில் நெருங்கி நிற்பதைக் காட்டினார்கள்.

அது மட்டுமில்லை. சிங்கப்பூரில் கண்டுபிடித்ததால் சிங்கப்பூர் கிருமி ஆகிவிடுமா? 2019-இல் பல நாட்டு ஆய்வகங்களில் சேர்த்து வைத்திருந்த பழைய குரூப் பிகளை எடுத்துப் பார்த்தார்கள். லாவோஸிலும் தாய்லாந்திலும் நோயாளிகளிடமிருந்து எடுத்தவற்றில் நாலில் மூன்று பங்கு இதே 283. சிங்கப்பூர் மாதிரிகளில் நாலில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. மலேசியா, வியட்நாம் திலாப்பியாவிலும் இருந்தது. பிற்பாடு பிரேசில் திலாப்பியாவிலும் வந்துவிட்டது. ஹாங்காங் நோயாளிகளிடம் 1990-களிலேயே இருந்திருக்கிறது. இத்தனை வருடமாக இத்தனை ஊரில் இருந்தும் கண்ணில் படவில்லை, ஏனென்றால் எல்லா ஆய்வகமும் 'முருகேசன்' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டது.

ஜூன் 3

'திலாப்பியாவை எங்கள் ஊரில் ஜிலேபி என்போம், ஜிலேபிக்கும் ரகம் உண்டா' என்று கேட்டவருக்கு: உண்டு, வாய்க்கால் ஜிலேபி, பண்ணை ஜிலேபி, பாகில் போட்ட ஜிலேபி. மூன்றாவதற்கு மட்டும் தட்டு வளர்க்கத் தேவையில்லை.

ஜூன் 16

மாதிரி எடுப்பது பற்றி எழுதாமல் ரகம் ரகம் என்று பேசிக்கொண்டிருப்பது சமைக்காமல் பந்தி விரிப்பது. விவசாயிகள் கொண்டுவருவது பெரும்பாலும் செத்த மீன், அதுவும் காலையில் செத்தது சாயங்காலம் பையில் வரும். வயிறு ஊதி, மூடியைத் திறந்தால் ஆய்வகமே வெளியே ஓடும். அதில் தட்டு போட்டால் ஏரோமோனாஸ் என்கிற வேறொரு பாக்டீரியா தளதளவென்று வளரும், ஏனென்றால் அது தண்ணீரிலும் மீன் குடலிலும் எப்போதும் இருப்பது, மீன் செத்த உடனே சாப்பிட உட்கார்ந்துவிடும். அறிக்கையில் ஏரோமோனாஸ் என்று எழுதுவார்கள், உண்மையில் கொன்றவன் அதற்குள் அடியில் போயிருப்பான். சாகப் போகிற மீனைக் கொண்டுவாருங்கள், சுற்றிக்கொண்டிருப்பதை. தலையைத் திறந்து மூளையில் குச்சி விட்டுத் தேய்த்தால் ஸ்ட்ரெப்டோ சுத்தமாகக் கிடைக்கும், மூளையில் போய் உட்காருவதால்தானே அந்தப் பம்பரச் சுற்று. உயிரோடு கொண்டுவர முடியாவிட்டால் பனிக்கட்டியில்.

ஏரோமோனாஸை மட்டம் தட்டிவிட்டேன், அதற்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். 2009-இல் அமெரிக்காவின் அலபாமாவில் பண்ணைக் கெளுத்திகள் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாவில் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, எப்போதும் இருக்கிற கிருமிதானே என்று விட்டுவிடவில்லை. மரபணுவைப் பார்த்தால் எல்லாம் ஒரே ரகம், எஸ்டி 251, சீனத்துக் கெண்டைகளில் இருந்ததோடு நெருங்கிய சொந்தம். இதில் எனக்குப் பிடித்தது, அந்த ரகம் மயோ-இனோசிட்டால் என்கிற ஒரு சர்க்கரையை மட்டும் கொடுத்தாலும் வளரும், மற்ற ஏரோமோனாஸ் சாதாரணமாக வளராது. ஆக, மரபணு இயந்திரம் இல்லாத சின்ன ஆய்வகமும் ஒரு தட்டை வைத்துச் சந்தேகப்பட முடியும். மரபணு படிப்பதன் நல்ல பலன் இதுதான் என்று தோன்றுகிறது, கடைசியில் அது ஒரு மலிவான சோதனையைக் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

ஜூன் 23

கனடா கதை. 1995 குளிர்காலத்தில் டொராண்டோவில் ஆசியக் குடும்பத்துக்காரர்கள் சிலர் கை வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். எல்லோரும் முழு மீன் வாங்கி வீட்டில் கழுவியவர்கள், பெரும்பாலும் திலாப்பியா. பதிவானது ஒன்பது பேர். கிருமி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே. குரூப் பி இல்லை, அதன் பங்காளி. பெயருக்குக் காரணம் ஒரு டால்ஃபின், 1976-இல் அமேசான் நதி டால்ஃபினில் முதலில் பார்த்தார்கள், அந்த டால்ஃபினின் அறிவியல் பெயர் இனியா. நான் மே 19-இல் கிண்டல் செய்த அதே துடிப்பு ஜெல்லை ஓட்டித்தான் நோயாளிக் கிருமியும் மீன் கிருமியும் ஒரே கோடு என்று பிடித்தார்கள். ஜெல்லிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கையுறைக்குக் காரணம் இதுதான் அண்ணே.

பெயர் என்றதும் இன்னொன்று. 1994-இல் இஸ்ரேலில் மீன்களிடம் இரண்டு புது ஸ்ட்ரெப்டோ கண்டுபிடித்ததாகப் பெயர் வைத்தார்கள். ஒன்று ஷைலோய், மறுவருடமே அது நம் இனியேதான் என்று தெரிந்துவிட்டது. இன்னொன்று டிஃபிசிலே. பிற்பாடு பார்த்தால் அது சாட்சாத் குரூப் பி, வளையம் போடாத ரகம். புது ரகம் என்று எட்டுப் பேருக்கு நகல் போட்டவன் நான் மட்டும் இல்லை என்பதில் ஓர் ஆறுதல்.

ஜூலை 28

சிங்கப்பூரில் இந்த மாதம் மறுபடி எஸ்டி 283 எச்சரிக்கை. 2015-க்குப் பிறகு தடை இருக்கிறது, கடையில் நன்னீர் மீனைப் பச்சையாகப் போட மாட்டார்கள், பிறகு எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். சமைக்காத மீனையும் சமைத்த சாப்பாட்டையும் ஒரே கத்தியில், ஒரே பலகையில் வெட்டாதீர்கள், மீனை நன்றாகச் சமையுங்கள், இதைத்தான் என்னால் சொல்ல முடியும். நான் ஜூன் 2-இல் எழுதியது மறுபடி: எண் ஒன்று என்பதால் இதையும் அண்ணன் குளத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். இரண்டு பேர் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள், அவர் பாவம், குளத்தில் நோய் வந்ததே தண்ணீர் முப்பது டிகிரிக்கு மேல் போனதால்.

ஆகஸ்ட் 4

ரகம் தெரிந்து குளத்துக்காரருக்கு என்ன லாபம் என்ற கேள்வி நியாயமானது. தடுப்பூசி. வளையம் போடாத ஒன்று-பி சீரோ வகைக்கு ஒரு தடுப்பூசி, வளையம் போடும் ஒன்று-ஏ, மூன்றாம் வகைகளுக்கு வேறு. மாற்றிப் போட்டால் காசுக்கும் கேடு, மீனுக்கும் ஊசிக் குத்து. இதற்கு எஸ்டி வரை போக வேண்டியதுகூட இல்லை, சீரோ வகை போதும். (மே 15-இல் வெறும் மூன்று போதாது என்று எழுதினேன், அது மகளின் கேள்விக்கு. குளத்தின் கேள்விக்குப் போதும். ஒரே சோதனை, கேட்கிற ஆளைப் பொறுத்து.)

அண்ணனிடம் அந்தத் தட்டை வாங்கி ரகம் பார்க்கக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டிருக்கிறார். மே மாதமே தூக்கி எறிந்துவிட்டார்களாம். எனக்கு ஆச்சரியமில்லை. நான் வேலை செய்த ஓர் இடத்தில் மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியில் பத்து வருடக் கிருமி இருந்தது, ஒரு நீண்ட விடுமுறையில் மின்சாரம் போய் அலாரம் அடித்து ஓய்ந்து, திரும்பி வந்தபோது எல்லாம் தண்ணீர். அதில் 2015-க்கு முந்தைய மீன் மாதிரிகள் நூற்றுக்கு மேல் இருந்தன, அவற்றில் 283 இருந்ததா என்று இனி யாரும் சொல்ல முடியாது. அந்த 2019 வேலையைச் செய்ய முடிந்ததே யாரோ சில பேர் குழாய்களில் ஒழுங்காக எழுதி வைத்து, உறைபெட்டியைக் கவனித்துக்கொண்டதால்தான். அடுத்த முறை மீன் கொடுக்கும்போதே 'கிருமியை உறைய வைத்து எடுத்து வையுங்கள், பிறகு கேட்பேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஆகஸ்ட் 9

அண்ணன் போன் செய்தார். பேரன் பிறந்திருக்கிறான், 3.1 கிலோ, தாயும் பிள்ளையும் நலம். கிளினிக் சோதனையில் மகளுக்குக் குரூப் பி இருந்ததாம், பிரசவ நேரத்தில் ஊசி போட்டார்களாம், அது எந்த ரகம் என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையும் இல்லை. பேரனுக்கு என்ன எஸ்டி எண் போடலாம் என்று கேட்டார். முதல் பேரன், எஸ்டி 1 என்றேன்.

ஆகஸ்ட் 9, அரை மணி நேரம் கழித்து

எஸ்டி 1-உம் ஒரு குரூப் பிதான், வயதானவர்களைப் படுத்துவது. வாபஸ்.